சைக்கிளும் வழியும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர்தான். சாரல் காலத்தில் சைக்கிளில் போகிறவன், அருவிக்கு விரையும் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் சேற்றில் இறங்குகிறான். நானும் இறங்கியிருக்கிறேன். அப்படித் திரும்பிய ஓர் இரவில், டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) படத்தை மறுபடி பார்த்தேன்.

சைக்கிள் இருந்தால்தான் வேலை. வேலைக்குப் போன முதல் நாளே அது களவு போகிறது. திருடனைக் கண்டுபிடித்தும் சைக்கிள் கிடைக்கவில்லை. மனமுடைந்த தகப்பன் தானே ஒரு சைக்கிளைத் திருட, கூட்டம் அவனைப் பிடித்துக்கொள்கிறது, மகன் கண்ணெதிரே. ஊர்க் கூட்டம் எளியவனைத்தான் பிடிக்கும் என்று டி சிகா சொல்வதாக எனக்குப் பட்டது.

அது முழு உண்மையல்ல. நம்மவர் பலர் வாழும் டொரான்டோவில், மூன்று பெரிய வீதிகளின் சைக்கிள் தடங்களை அகற்ற ஒன்டாரியோ அரசு 2024-இல் சட்டம் செய்தது. நெரிசல் குறையுமாம்! ஜனங்கள் சைக்கிளோடு திரண்டார்கள், வழக்கும் தொடுத்தார்கள். தடத்தை எடுப்பது உயிருக்கு ஆபத்து, அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அப்பீலுக்குப் போயிற்று. போகட்டும், ஒரு கூட்டம் பெரியவனையும் பிடித்ததே!

எங்கள் குற்றாலம் ரோட்டில் பறிகொடுக்கக்கூட ஒரு தடம் கிடையாது. கேட்பதற்குக் கூட்டமும் கூடவில்லை.