பிடித்துப்போவதன் அரசியல்

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் தொல்காப்பிய உரைக்கு அடியில் ரமணிசந்திரன் நாவலை வைத்துப் படித்தவள் நான். யாராவது கேட்டிருந்தால் 'சேச்சே, அதெல்லாம் படிக்கிறதில்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். ராக்ஸேன் கே 2014இல் வெளியிட்ட 'பேட் ஃபெமினிஸ்ட்' கட்டுரைத் தொகுப்பை வாசிக்கையில் முதலில் உறைத்தது இந்தப் பொய்தான்.

கே, ஹைட்டியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரின் மகள், கறுப்பினப் பெண். பெண்களை இழிவுபடுத்தும் ராப் பாடல்களை ரசிக்கிறேன், இளஞ்சிவப்பு நிறம் பிடிக்கும், ஆகவே நான் மோசமான பெண்ணியவாதி என்கிறார். இந்த ஒப்புதல் வாக்குமூலத்தோடு எனக்கு முழு உடன்பாடில்லை. 'மோசமான' என்று சொன்ன கணமே 'நல்ல' பெண்ணியவாதி ஒருத்தி எங்கோ நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஒரே சரியான பெண்ணியம் என்று எதுவும் கிடையாது என வாதிடும் புத்தகமே தலைப்பில் அவளிடம் மன்னிப்பும் கேட்கிறது. சந்தைக்கு இது வசதி. எனக்குப் பிடிச்சிருக்கு என்று சொல்லிவிட்டால், அதை யார், எந்த லாபத்துக்கு உற்பத்தி செய்கிறார்கள் என்ற கேள்வி அமுங்கிப்போகிறது.

ஆனால் 'தி ஹெல்ப்' (2011) படம் பற்றிய கட்டுரையில் இந்தக் குழைவே இல்லை. 1960களின் மிசிசிப்பியில் வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்த கறுப்பினப் பெண்களின் கதை அது; மூலநாவலை எழுதிய கேத்ரின் ஸ்டாக்கெட் வெள்ளைக்காரர். வெள்ளையரை ஆற்றித் தேற்றுவதற்கென்றே கறுப்புப் பாத்திரங்கள் செய்யப்பட்டிருப்பதைக் கே கோபமாகவே எழுதுகிறார். இங்கே அந்த 'நான்' யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இன்னொரு கட்டுரை, சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல்கள் மீதான ரசிகைக் கிறுக்கோடு தொடங்குகிறது. நாயகி காட்னிஸ் யாரோடு சேர வேண்டும் என்பதில் கட்சிகூடக் கட்டுகிறார் (பீட்டா கட்சி). நாமும் சிரித்துக்கொண்டே போகிறோம். நடுவில், சிறுமியாக இருந்தபோது தான் நம்பிய பையனும் அவன் நண்பர்களும் காட்டுக்குள் ஒரு குடிசையில் தன்னைக் கூட்டு வன்புணர்வு செய்ததை எழுதுகிறார். பிறகு மறுபடி காட்னிஸ். அவளுடைய வலிமைக்கு ஒரு விலை இருந்தது. அதனால்தான் அவள் கேக்குத் தேவைப்பட்டாள். ஒரு வெகுசனப் பிரதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குடிசைக்குள் அவரால் திரும்பப் போக முடிந்திருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

'வணிக எழுத்து' என்ற ஒற்றைச் சொல்லால் பலதையும் தள்ளிவிட்டு விமர்சனம் எழுதியிருக்கிறேன். விடுதியில் என்னிடம் அந்த ரமணிசந்திரன் நாவலை இரவல் வாங்கிப்போய் மூன்று தடவை படித்தாள் ஒருத்தி. ஏன்டி என்று நான் கேட்கவே இல்லை.