'தியேட்டர்' என்னும் சொல்லும் வட்டக்களரியும்

மட்டக்களப்புப் பேச்சு வழக்கிலே 'தியேட்டர்' என்றால் ஒன்று படமாளிகை. மற்றது ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடைபெறும் அறை. கிரானிலோ அயற்கிராமங்களிலோ கூத்தாடுவோர் தம் கலையை அச்சொல்லாற் குறிப்பதில்லை. கூத்து, களரி, ஆட்டம் என்பனவே அவர்தம் சொற்கள். கூத்தினைத் 'தியேட்டர்' என்ற வகைக்குள் அடக்கி, 'மரபுவழி அரங்கு' எனத் தமிழாக்கிக் கொண்டோர் பல்கலைக்கழகஞ் சார்ந்த நாமே. ஆதலின் அச்சொல் எதனை உள்ளடக்கி வந்தது என ஆராய்தல் நமது கடமையாகின்றது.

கிரேக்கத்திலே 'தெயாத்ரோன்' என்பது பார்க்கும் இடம். ஆதியில் அது குன்றின் சரிவிலே மக்கள் அமர்ந்த பகுதியை மட்டுமே சுட்டிற்று. ஆடுமிடத்தின் பெயர் 'ஓர்க்கெஸ்திரா'. ஆடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. பின்னணியில் நின்ற கூடாரம் 'ஸ்கெனே'. ஆங்கிலத்தின் 'சீன்' அதன் வழிவந்ததே. 'டிராமா' என்பதோ செயல் எனப் பொருள்படும். காலப்போக்கில் பார்ப்போர் இருக்கையின் பெயரே கலை முழுவதற்கும் ஆகிவிட்டது. ஆடுவோர் நிலத்தின் பெயர் வாத்தியக் குழுவினரைக் குறிக்கலாயிற்று. (அறுவை அறைக்கு அப்பெயர் வந்ததும் இவ்வாறே. ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் படிவரிசைகளில் அமர்ந்து அறுவையைப் பார்த்தனர்.) இப்பொருள் மாற்றம் வெறும் மொழியியல் விபத்தன்று. கூட்டுச் சடங்கிலிருந்து ஆடுவோர் தொழிலராகவும் ஏனையோர் நுகர்வோராகவும் பிரிந்த வரலாற்றின் சுவடு அதிற் படிந்துள்ளது. கிரேக்க நாடகத்தைச் சமுதாய உற்பத்தி முறையுடன் இணைத்து ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனின் வழியில் நின்று கார்த்திகேசு சிவத்தம்பி பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

வட்டக்களரியை நோக்குவோம். மண்ணை வட்டமாக உயர்த்தி அமைக்கப்படுவது அது. நடுவே மத்தளத்துடன் அண்ணாவியாரும் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர்; அவரைச் சுற்றியே வடமோடியும் தென்மோடியும் ஆடப்படும். சுற்றிலும் ஊரார். முன்புறம் எது, பின்புறம் எது என்ற வினாவே அங்கு எழாது. ஏதென்சின் ஓர்க்கெஸ்திராவிலும் பாட்டுக்குழுவினர் குழலிசைஞரோடு ஆடினர்; அதன் மூலவடிவம் கதிரடித்த களமே எனக் கருதுவோரும் உளர். நெல் விளையும் கிரான் பகுதியினர்க்கு இவ்வொப்புமை விளக்கம் வேண்டாதது. எனவே கிரேக்கத்திலிருந்து பெயர் கடன் வாங்குவதாயின் நாம் வாங்கியிருக்க வேண்டியது 'ஓர்க்கெஸ்திரா' என்பதாகும்.

1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பட்டதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குள் அமைத்தார். கற்றோர் புறக்கணித்த கலைக்கு மதிப்புத் தேடித்தந்த அப்பணியை மறுப்போரல்லோம். ஆயினும் நாற்புறமும் நோக்கிச் சுழன்ற ஆட்டம் ஒருபுறம் திரும்பிற்று. ஊரின் பல மாதப் பழக்கமும் சதங்கை அணிவிழாவும் அரங்கேற்றமும் அக்கலையினின்று நீங்கின. பார்க்கும் இடம் களரியை வென்றது என்போம்.

அதற்காகக் களரியைப் பொன்னுலகாக்குதலும் பிழை. ஏதென்சிலே அடிமைகளின் உழைப்பின்மேல் விழா நிகழ்ந்தது. இங்கும் பெண்பாத்திரங்களை ஆண்களே ஆடினர். பறைமேளக் கூத்து சாதியால் வேறாக்கப்பட்டே நின்றது. வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்ற வினாவைக் களரி என்ற சொல் தானாக எழுப்பாது. நாமே எழுப்புதல் வேண்டும்.

இன்னுமொரு சொல் எஞ்சியுள்ளது. 'தியரி' என்பதும் பார்த்தல் என்னும் அதே அடியைச் சார்ந்தது. பிற நகர விழாவைப் பார்த்துவர அனுப்பப்பட்ட தூதன் கிரேக்கத்தில் 'தெயோரோஸ்' எனப்பட்டான். ஒலிப்பதிவுக் கருவியுடன் கிரானுக்கு வந்திறங்கும் நாமும் அத்தகைய தூதரே. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற சி. மௌனகுரு, அதற்கு முன்னரே இராவணேசனாக ஆடியவர். நம்முட் பெரும்பாலார் ஆடாமலே எழுதியவர்கள்.