கூட்டு முயற்சியும் கூட்டுப் பொறுப்பும்: ஒரு மாணவர் குறும்படம் தந்த படிப்பினை

திரைப்படம் ஒரு கூட்டுக் கலை என்பது பழகிப்போன கூற்று. பழகிப்போன காரணத்தினாலேயே அது ஆராயப்படாது விடப்படுகின்றது. பலர் சேர்ந்து உழைப்பதனால் மட்டும் ஒரு படைப்பு கூட்டுப் படைப்பாகிவிடுமா? மாணவர் 9 பேர் இணைந்து, மலையகத் தோட்டமொன்றில் 12 நிமிடக் குறும்படமொன்றைத் தயாரித்தபோது இவ்வினா எம்மை எதிர்கொண்டது. அவ்வனுபவத்தை விமர்சன நோக்கில் மீளாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் ஒருநாட் பொழுதே படத்தின் பொருள். நெறியாள்கை, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என வேலைகளைப் பகிர்ந்துகொண்டோம். எம்முள் ஒரு மாணவி தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாயார் கொழுந்து பறித்தவர். அவருக்கு நாம் ஒதுக்கிய பணியோ, அனுமதி பெறுதலும், நடிக்க இசைந்த பெண்களுக்கு நெறியாளரின் விருப்பத்தை எடுத்துச் சொல்லுதலுமே. பொருளை நன்கறிந்த ஒருவர், பொருள் பற்றிய தீர்மானங்களுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டார் என்பதை அன்று நாம் உணரவில்லை.

மாலை வெயிலிற் பெண்கள் மலைச்சரிவில் வரிசையாக இறங்கிவரும் காட்சிக்கெனப் பிரம்புக் கூடைகளைத் தேடிப் பெற்றுக் கொடுத்தோம். அத்தோட்டத்துப் பெண்களோ கூடையை விட்டுச் சாக்குகளைப் பயன்படுத்தத் தொடங்கிப் பல ஆண்டுகளாகியிருந்தன. “இப்படி நிமிர்ந்து ஒருவரும் நடக்கமாட்டார்கள். பாரம் தலையைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் முன்னுக்குச் சாய்ந்துதான் நடப்பார்கள். நிறுவைக்குப் போகிற அவசரமும் நடையிலே தெரியும்” என்றார் அம்மாணவி. வெயில் மறைந்துவிடும் என்று கூறி நெறியாளர் அதனை ஒதுக்கினார். ஏனையோர் மௌனமாயிருந்தோம், நானும் அவர்களுள் ஒருவன்.

படத்தொகுப்பின்போதே தவறு புலனாயிற்று. மேற்படி காட்சியை அடுத்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் உள்ளவாறே பதிவுசெய்த காட்சி வந்தது: தராசின் முள்ளை நோக்கும் கண்கள், ஈரத்துக்கும் சாக்குக்குமெனக் கழிக்கப்படும் நிறை, சொல்லாமல் விழுங்கப்படும் சொற்கள். இரண்டும் அருகருகே நின்றபோது பின்னது முன்னதைப் பொய்யாக்கியது. முன்னதில் அழகு இருந்தது. ஆயின் அது தேயிலை விளம்பரத்தின் அழகு.

1956இல் வெளிவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’, கமராவைக் கலையகத்தின் செயற்கைச் சூழலிலிருந்து விடுவித்துக் கிராமத்துக்கு எடுத்துச் சென்றமைக்காகச் சிறப்பித்துப் பேசப்படுவது. நாமும் வெளியிலேதான் படம்பிடித்தோம். ஆயின் கலையகத்தை மனத்திலே சுமந்து சென்றோம். களம் உண்மையானதாக இருந்தால் மட்டும் யதார்த்தம் கைகூடிவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

நண்பர்கள் பலர் பாராட்டியது அம்மாலைக் காட்சியையே. அதனை நீக்குவதா வேண்டாமா என்று நீண்டநேரம் விவாதித்தோம். அதுவரை பேசாதிருந்த அம்மாணவி, “இது இருந்தால் இந்தப் படத்தை நான் அம்மாவுக்குக் காட்டமாட்டேன்” என்றார். அதற்கு மேல் வாதம் எழவில்லை. காட்சி நீக்கப்பட்டது, படம் 10 நிமிடமாகச் சுருங்கியது. பொய் அகன்றதேயன்றி, அவ்விடத்தில் வரவேண்டிய உண்மையான நடையை நாம் பதிவுசெய்திருக்கவில்லை. அவ்வெற்றிடம் படத்தில் இன்றும் உள்ளது.

வேலைப் பிரிவினையைக் கூட்டுறவெனக் கொண்டமையே எமது அடிப்படைத் தவறு. பெயர்ப்பட்டியலில் 9 பெயர்களும் ஒரே அளவில் இடம்பெற்றன. ஆனால் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லும் உரிமை படப்பிடிப்பின்போது ஒருவருக்கே இருந்தது. அவ்வுரிமை அனைவருக்கும் உரியதாகும்போதே கூட்டு முயற்சி கூட்டுப் படைப்பாகும். மௌனமாயிருந்தவருக்கும் அப்பொய்யிற் பங்குண்டு. இனிப் படமெடுக்க முனையும் மாணவர், கமராவைத் தேடுமுன் தம்முள் எவர் பேசாதிருக்கிறார் என்பதைத் தேடுவாராக.