உப்புக்கு உறவு உண்டா?

மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும் மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை தொடங்குகிறது. மிதித்து இறுக்கிய பாத்தியில் பாயும் உவர்நீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டிச் சுண்டி அதன் அடர்த்தி 25 டிகிரி போமேயை நெருங்கும்போது உப்பு பூக்கிறது. விறகும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். அந்த உப்பில் ஒரு பிடியை மிளகாயோடு சேர்த்துப் பிள்ளைக்குச் சுற்றிப் போடுகிறோம். புதுவீட்டுக்குள் முதலில் கொண்டுபோகும் பொருள்களில் உப்பும் ஒன்று. ஜப்பானில் சுமோ மல்லர்கள் களத்தில் மோதுமுன் உப்பை அள்ளி வீசுகிறார்கள். இறுதிச் சடங்குக்குப் போய்வந்தவர்கள் வாசலிலேயே நின்று உடம்பில் உப்பைத் தூவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது அங்கே பழைய வழக்கம்.

இதைக் கேட்டதும் 'நம்முடையதுதான் அங்கே போயிருக்கிறது' என்று மனம் துள்ளுகிறது. ஜப்பான்–தமிழ் ஆய்வுத் துறையை வளர்த்ததும் இந்தத் துள்ளல்தான், அதைச் சறுக்க வைத்ததும் இதுதான்.

துறையின் பெரும் பெயர் சுசுமு ஓனோ (1919–2008). பழஞ்ஜப்பானிய மொழிக்கு அகராதி தொகுத்த அறிஞர், டோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியை வைத்துக்கொண்டு, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் பொதுவானவை என்று நூற்றுக்கணக்கான சொற்களை அவர் பட்டியலிட்டார். சொற்களோடு அவர் நிற்கவில்லை. நெல்லும் இரும்பும் நெசவும் தமிழ்நிலத்திலிருந்து ஜப்பானில் நெல் வேளாண்மை வேரூன்றிய யாயோய் காலப் பண்பாட்டுக்குள் சென்றன என்றார். ஜனவரி 15இல் ஜப்பானில் கொண்டாடும் 'சிறிய புத்தாண்டை'ப் பொங்கலோடு ஒப்பிட்டார். வடஜப்பானில் அன்று எழுப்பும் 'ஹொங்கர, ஹொங்கர' என்ற குரலில் 'பொங்கலோ பொங்கல்' கேட்கிறது என்றார். அவரோடு இணைந்து உழைத்தவர்கள் யாழ்ப்பாணத்து அறிஞர்களான அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையர். ஜப்பானின் பழம்பெரும் பாடல் தொகுப்பான 'மன்யோஷு'வைச் சங்க அகப்பாடல்களின் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வழி அவர்களால் தமிழுக்குக் கிடைத்தது. ஓனோவின் முடிவுகள் நிலைக்காமல் போனாலும் இந்த வழி நிலைக்கும்.

முடிவுகள் ஏன் நிலைக்கவில்லை? இரு மொழிகள் உறவு என்று நிறுவ, ஒலிகள் ஒழுங்காகப் பொருந்த வேண்டும். இங்கே ஓர் ஒலி அங்கே எதுவாக மாறுகிறதோ, எல்லாச் சொற்களிலும் அப்படியே மாற வேண்டும். ஓனோவின் பட்டியலில் அந்த ஒழுங்கு தளர்ந்திருக்கிறது என்று ஜப்பானிய மொழியியலாளர்களே மறுத்தார்கள். பொருளும் பல இடங்களில் இழுத்துப் பொருத்தப்பட்டது. பிற்காலத்தில் ஓனோவும் ஒரே குடும்பம் என்ற நிலையிலிருந்து நகர்ந்து, தொடர்பால் விளைந்த கலப்பு என்ற விளக்கத்துக்கு வந்தார். யாயோய் பண்பாட்டுக்குள் தமிழ்நிலத்துப் பொருள்கள் சென்றன என்ற கருத்துக்குக் காலக்கணக்கும் உதவவில்லை. 2003இல் ஜப்பானின் தேசிய வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள், கரிமக் காலக்கணிப்பின்படி யாயோய் காலத் தொடக்கத்தை, முன்பு கருதியதைவிடப் பல நூற்றாண்டு முன்னதாக, கி.மு. 10ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றார்கள்.

இனி உப்பை உரைகல்லாக வைத்துப் பார்ப்போம். ஜப்பானில் மழையும் ஈரப்பதமும் அதிகம். மரக்காணத்தைப் போல வெயிலை மட்டும் நம்பி அங்கே உப்பு விளைவிக்க இயலாது. நோதோ தீபகற்பத்தில் இன்றும் பேணப்படும் பழைய முறையில், கடல்நீரைச் சுமந்துவந்து மணற்பரப்பில் தெளிக்கிறார்கள். காய்ந்து உப்பேறிய மணலை வாரி, மேலும் கடல்நீர் விட்டுக் கரைத்து, வடிந்த அடர்நீரைப் பெரிய கொப்பரையில் மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சி எடுக்கும் இந்தக் கலை அங்கே மிகப் பழையது. கசுமிகவுரா ஏரிப் பகுதியில் கிடைத்த உப்புக் காய்ச்சும் மண்பாண்டங்கள் ஜோமோன் காலத்தவை. அங்கே நெல் வேளாண்மை வேரூன்றுவதற்கும் முந்தியவை. இசே பெருங்கோயிலுக்குப் படைக்கும் உப்பைக்கூடக் காய்ச்சி எடுத்து, முக்கோண மண் அச்சில் இட்டுச் சுட்டே கட்டியாக்குகிறார்கள். நம்முடையது வெயிலின் உப்பு, அவர்களுடையது நெருப்பின் உப்பு. 'உப்பு' என்ற சொல்லுக்கும் 'ஷியோ' என்ற சொல்லுக்கும் ஒலியில் ஒட்டே இல்லை.

சடங்கு மட்டும் எப்படி ஒத்துப்போகிறது? உப்பு மீனைக் கெடாமல் காக்கிறது, காயை ஊறுகாயாக்கி ஆண்டுக்கணக்கில் வைக்கிறது. அழுகலைத் தடுக்கும் பொருள் தீட்டையும் கண்ணேறையும் தடுக்கும் என்ற எண்ணம், உப்பைக் கையாண்ட எந்த மக்களுக்கும் தானே தோன்றக்கூடியது. அரசுகளின் பசியும் அப்படித்தான். உப்பின்றி யாரும் வாழ முடியாது என்பதால் ஆங்கிலேய அரசு இங்கே உப்பின் மேல் வரி போட்டது. அதை எதிர்த்து 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பள்ளினார். ஜப்பானிய அரசு 1905இல் உப்பைத் தன் தனியுரிமையாக்கி 1997 வரை வைத்திருந்தது. இரண்டு அரசுகளும் ஒன்றிடம் ஒன்று பாடம் கேட்கத் தேவையே இல்லை. பொருளின் இயல்பே ஒற்றுமையை விளைவிக்கும்போது, அந்த ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாடக் கூடாது.

ஜப்பானியர் நமக்குச் செய்த உறுதியான பணி வேறொரு பக்கத்தில் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கல்வெட்டு படித்த நொபொரு கராஷிமா (1933–2015), பெரிய கோட்பாடு எதையும் கையில் கொண்டுவரவில்லை. காவிரிக் கரையின் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, நிலம் எங்கே ஊரார் கையில் கூட்டாக இருந்தது, எங்கே தனியார் கையில் இருந்தது என்று பிரித்துக் காட்டினார். பிறகு எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை முழுவதும் தொகுத்து 1978இல் வெளியிட்டார். ஒவ்வொரு பெயராக எண்ணி, பட்டங்களைப் பிரித்து, யார் எந்தக் காலத்தில் எங்கே நிலம் வைத்திருந்தார் என்று கேட்ட உழைப்பு அது. தகனோபு தகாஹாஷி சங்கப் பாடல்களையும், ஷுசோ மத்சுனாகா திருக்குறளையும் ஜப்பானியருக்குத் தந்ததும் இதே பொறுமையின் விளைவுதான்.

அந்தப் பொறுமை மரக்காணத்துக்கும் வேண்டும். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். உப்பு வண்டியோடு ஊர் ஊராகப் போன உமணரும் அந்த நூலில் வருகிறார்கள். இங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளத்துக்குச் சோழர் காலத்தார் எழுதிய 'அளம்' என்ற சொல், 'உப்பளம்' என்று இன்றும் நம் வாயில் இருக்கிறது. கல்வெட்டில் உள்ள உப்புச் சொற்களையும், இன்று கழுவெளியை ஒட்டிய பாத்திகளில் வெறுங்காலோடு உப்பு வாருகிறவர்கள் வாயில் வழங்கும் சொற்களையும் ஒவ்வொன்றாகத் தொகுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஓனோ தேடியது கடல்கடந்த உறவை. கராஷிமா காட்டிய வழியில் போனால், ஆயிரம் ஆண்டுக்கு முன் இதே உவர்மண்ணில் நின்ற உழைப்பாளிக்கும் இன்று நிற்பவருக்கும் உள்ள உறவை நாம் முதலில் நிறுவலாம்.