கரண்ட் எதுவரை வருகிறது?

மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியாகிவிட்டது, விளக்கும் எரிகிறது. ஆனால் திரையின் மூலையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வருகிறது. உடனே நம்மில் பலர் வயரை ஆட்டிப் பார்ப்போம், அல்லது புது பேட்டரி என்ன விலை என்று தேட ஆரம்பிப்போம். கைதேர்ந்த ரிப்பேர்க்காரர் முதலில் கேள்வி கேட்பார். எப்போதிலிருந்து இப்படி? வயரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடுகிறதா, கொஞ்ச நேரம் ஓடுகிறதா? எத்தனை சதவீதத்தில் நிற்கிறது? அறுபதிலோ எண்பதிலோ அசையாமல் நிற்கிறது என்றால் அவர் முகம் தெளிந்துவிடும். பேட்டரியின் ஆயுளைக் காக்க அந்த அளவோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல மடிக்கணினிகளில் உண்டு. யாரோ எப்போதோ அதைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் இந்தக் கலையைப் பார்க்கத் தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். சுங்கை ரோட்டுப் பக்கம் இறங்கினால் ஜாலான் புசார் முனையில் சிம் லிம் டவர். கால்வாயைத் தாண்டினால் 1987இல் திறந்த சிம் லிம் ஸ்குவேர். ஸ்குவேரில் கணினி வாங்கலாம். டவரிலோ ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், கனெக்டர், ஈயக் கம்பி என்று கணினிக்குள் இருப்பவற்றைச் சில்லறையாக வாங்கலாம். பக்கத்திலேயே, பழைய சாமான்களைத் தரையில் பரப்பி விற்ற சுங்கை ரோட்டுச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. பழையதைப் பிரித்து, உதவுவதை எடுத்து, இன்னொன்றில் பொருத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு அது ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. அதை மூடியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அந்த வட்டாரத்து மாடிக் கடை ஒன்றில் நம்மவர் ஒருவர் வேலை செய்வதை நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒருநாள் ஊரிலிருந்து படிக்க வந்த பையன் ஒருவன், "அண்ணே, பேட்டரி போயிருச்சு போல" என்று கணினியை நீட்டினான். "இரு தம்பி, பேட்டரிக்கு அப்புறம் வருவோம்" என்றவர் கை நேராக பிளக்குக்குப் போனது. சென்னையில் வாங்கிய சார்ஜர். உருண்டை முள் மூன்று. இங்கே சுவரில் இருப்பதோ சதுரத் துளை. நடுவில் ஒரு பயண அடாப்டர் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது. சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் மட்டும் தனியாகக் கழன்று வரும். அதை எடுத்துவிட்டு, ஃபியூஸ் உள்ள சதுர முள் வயர் ஒன்றைச் செருகினார். சார்ஜ் ஏற ஆரம்பித்தது. வயர் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

எல்லாம் அவ்வளவு சுலபமாக முடியாது. அடுத்தது மல்டிமீட்டர். சார்ஜரில் 19.5 வோல்ட் என்று எழுதியிருந்தால் முனையில் அது வருகிறதா? வந்தாலும் போதாது, சுமை ஏறும்போது விழாமல் நிற்க வேண்டும். டெல், எச்பி போன்ற கணினிகளின் வட்ட முனைக்குள்ளே ஊசி மாதிரி ஒரு நடுக்கம்பி இருக்கும். மின்சாரம் அதன் வழியாக வருவதில்லை. 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்ற அடையாளம்தான் வருகிறது. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ கணினி ஓடும், பேட்டரி ஏறாது. யூஎஸ்பி-சி வகையில் இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் நீளம். முதலில் வருவது 5 வோல்ட்தான். இரண்டு பக்கமும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே 20க்கு ஏறும். நடுவில் ஒரு சின்ன மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும்: 5லேயே நின்றால் பேச்சு முறிந்திருக்கிறது. கேபிளா, சார்ஜரா, துளைக்குள் படிந்த அழுக்கா என்று அங்கிருந்து தேட வேண்டும்.

இதற்கு மேல் மதர்போர்டு. ரசிகனுக்கு விருந்தும் அங்கேதான். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். மல்டிமீட்டரின் கருப்பு முனையை ஒரு திருகில் நிறுத்தி, சிவப்பு முனையோடு மின்சாரம் வரும் பாதையிலேயே போவார்: ஜாக், அதை அடுத்து உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் மாஸ்ஃபெட்டுகள், பிறகு கரண்டை அளக்கும் குட்டி ரெசிஸ்டர், சார்ஜர் ஐசி, கடைசியில் பேட்டரி வாய். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பவர் ஒவ்வொரு கண்ணாகத் தட்டிக்கொண்டு வட்டம் வருவாரே, அந்த நிதானம். இந்தப் பக்கம் 19, அந்தப் பக்கம் பூஜ்யம் என்று மீட்டர் காட்டும் இடத்தில் கை நின்றுவிடும்.

செருகியதுமே சார்ஜரின் விளக்கு அணைந்துபோனால் போர்டில் எங்கோ ஷார்ட் என்று சந்தேகிப்பார். நூற்றுக்கணக்கான கெப்பாசிட்டர்களில் எது என்று எப்படித் தெரியும்? இதற்கு அவர் செய்வது எனக்குச் சலிக்காத காட்சி. போர்டின்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லத் தடவி, பவர் சப்ளையில் வெறும் ஒரு வோல்ட் வைத்து அந்தப் பாதைக்குள் விடுவார். வோல்ட் குறைவு என்பதால் நல்ல பாகங்களுக்குச் சேதம் வராது. கெட்டுப்போன பாகம் மட்டும் கரண்டை இழுத்துச் சூடேறும். ஈரம் முழுவதும் மினுமினுத்துக்கொண்டிருக்க, எள்ளளவு இடம் மட்டும் சட்டென்று காய்ந்துவிடும். குற்றவாளி அங்கேதான். ஹாட் ஏர் காட்டி, இடுக்கியால் எடுத்தால் ஷார்ட் தீர்ந்தது. சிலர் அதோடு மூடிவிடுவார்கள், கணினியும் பெரும்பாலும் ஓடும். இவர் அதே அளவில் இன்னொன்றை வைத்து ஈயம் பிடித்த பிறகே மூடுவார். தேர்ந்த கை என்று நான் சொல்வது இதைத்தான்.

பேட்டரியே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. மறைக்காமல் அதைச் சொல்வதும் தொழில்தான். விண்டோஸ் தரும் பேட்டரி அறிக்கையில், புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது, இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களும் அருகருகே இருக்கும். இரண்டாவது பாதிக்கும் கீழே போயிருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. மாதக்கணக்கில் மூடி வைத்திருந்த பேட்டரி அடியோடு இறங்கியிருக்கலாம். அதற்கு முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் சார்ஜ் போகும் என்பதால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்வார். லித்தியம் அயன் செல் ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் சூடானால் சார்ஜை நிறுத்திவிடுவது வழக்கம். ஏர்கான் இல்லாத அறையில் மெத்தைமேல் வைத்து வேலை பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். டச்பேட் மேலே எழும்பியிருந்தால், பேட்டரி உப்பியிருக்கக் கூடும். அப்போது சோதனையெல்லாம் கிடையாது. செருகக் கூடாது, அமுக்கக் கூடாது, குத்தவே கூடாது.

இந்தத் தீவு ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவைக் கொட்டுகிறது. 2021 ஜூலையிலிருந்து அதைச் சேகரிக்கும் பொறுப்பில் தயாரிப்பாளர்களுக்கும் சட்டப்படி பங்கு உண்டு. நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் 2014இல் தொடங்கிய ரிப்பேர் கொப்பித்தியாம் என்ற இயக்கத்தின்மீது எனக்குக் கூடுதல் மதிப்பு. அங்கே தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கையாலேயே பிரிக்க வைத்துப் பழுதைக் காட்டுகிறார்கள்.

பாகம் எதையும் மாற்றாமல், பார்த்ததற்கு மட்டும் கூலி கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள். பாகத்துக்குக் கடையில் விலை எழுதியிருக்கிறது. கண்டுபிடிக்கும் அறிவுக்குத்தான் அந்தச் சில வெள்ளி. அடுத்த முறை கணினியைத் தூக்கிக்கொண்டு சிம் லிம் போகும்போது, கரண்ட் எதுவரை வந்து நிற்கிறது என்று கேளுங்கள். மீட்டர் முனையை வைத்துக் காட்டுபவரிடம் தாராளமாக விட்டுவிட்டு வரலாம். பார்க்காமலே பேட்டரி விலை சொல்பவரிடமிருந்து கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறுங்கள்.