புகையிலையின் மருந்துவேடம்

உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த 'புகையிலை விடு தூது', பழனி முருகன்மீது காதல்கொண்ட தலைவி புகையிலையைத் தூதனுப்புவதாகச் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடியது. மும்மூர்த்திகள் பெற்ற இலைகளுள் வில்வமும் துளசியும் போய்விட, போகாது எஞ்சிய பிரமனின் இலை 'போகையிலை' எனப்பட்டு, அதுவே புகையிலையாயிற்று என்பது அதிலுள்ள கதை. இதனை வெறும் சொல்விளையாட்டெனத் தள்ளுதல் எளிது. ஆயின், கொலம்பசுக்கு முன் ஆசியா அறிந்திராத ஒரு பயிருக்கு இக்கதை புராணப் பழைமையை வழங்கிவிடுகிறது. பழையது தீங்கு செய்யாது என்னும் எண்ணம் சமூகத்தில் ஆழ வேரூன்றியது.

ஐரோப்பாவிற் புராணத்தின் இடத்தை மருத்துவ நூல் எடுத்துக்கொண்டது. செவில் நகர மருத்துவர் மொனார்டெஸ் 1571 இல் வெளியிட்ட நூல் தலைவலி, பல்வலி, புண், குடற்புழு என நீளும் பிணிகளுக்குப் புகையிலையை மருந்தாக்கிற்று. இந்நம்பிக்கையை 1604 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் கண்டித்தார். (அவ்வாண்டே அவர் புகையிலைத் தீர்வையைப் பன்மடங்கு உயர்த்தியமை வேறு கதை.) உறங்கவைப்பதும் விழிக்கவைப்பதும் ஒரே புகைதானா என்பது அவர் எழுப்பிய வினா. நோய் தன் போக்கிலே தணிந்தாற் பெருமை புகையிலைக்கு. புகைத்தவன் இறந்தாற் பழி வேறொரு நோய்க்கு என்றும் அவர் எள்ளினார். மருத்துவம் பயிலாத மன்னர் ஒருவர், நம்பிக்கை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் முறையை இவ்வளவு துல்லியமாகக் கண்டது வியப்பே.

2020 இல் அவ்வினா மீண்டும் எழுந்தது. கொவிட் நோயாளருட் புகைப்போர் குறைவெனப் பிரான்சிய ஆய்வாளர் சிலர் அவதானித்து, நிக்கொட்டின் காக்கக்கூடும் என ஊகித்தனர். மக்கள் வாங்கிக் குவிப்பரென அஞ்சிய அரசு நிக்கொட்டின் ஒட்டுகளின் விற்பனையை மட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. கடும் நோயாளரிடம் பின்னர் நடந்த பரிசோதனையில் அவ்வொட்டு இறப்பைக் குறைக்கவில்லை. பார்க்கின்சன் நோய் புகைப்போரிடம் குறைவாகக் காணப்படுவது மெய்யான அவதானம். எனினும் அவதானம் மருந்துச்சீட்டு அன்று. ஆய்வாளர் 'கூடும்' என்றதைச் சந்தை 'ஆகும்' என்று கேட்டது.

யாழ்ப்பாணத்தில் இம்மனப்பாங்கை அறியாமை என்று மட்டும் பெயரிடுவோர் அதன் பாதியையே காண்கின்றனர். திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாகிய புகையிலையே அங்கு பல குடும்பங்களின் காசுப்பயிராக இருந்தது. சோறு தந்த இலையை நஞ்சென்று ஒப்புவது இலகுவன்று. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோய் விளைப்பதென 1985 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. அதை எடுத்துரைக்கும் துண்டுப்பிரசுரங்கள் நோய்க்கணக்கைக் கூறுகின்றன, தோட்டக்கணக்கைத் தொடுவதில்லை.