இரட்சிப்பை இழக்க முடியுமா? வெஸ்லியும் கில்லும் போட்ட சண்டை

"ஒருமுறை இரட்சிக்கப்பட்ட விசுவாசி அதை இழந்துபோக முடியுமா?" நாலு கிறிஸ்தவர்கள் இருக்கிற இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் அறை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் யோவான் 10:28 வரும்: தன் ஆடுகளை யாரும் தன் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு சொல்கிறாரே? மறுபக்கம் எபிரெயர் 6:4-6 வரும்: விசுவாசத்தை ருசி பார்த்துவிட்டு விலகிப்போனவர்களைத் திரும்பவும் மனந்திரும்ப வைப்பது முடியாத காரியம் என்று எழுதியிருக்கிறதே? அப்புறம் வசனத்துக்கு வசனம் பதில் வசனம்தான்.

இது வெறும் வேதபாட விளையாட்டு இல்லை. "என் பையன் சபைக்கு வருவதையே விட்டுட்டான், அவன் இரட்சிப்பு போயிடுச்சா?" என்று ஒரு அம்மா கேட்டால், நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் பதில் மாறும்.

இந்தக் கட்டுரையில் முழு விவாதத்தையும் நான் எடுக்கப் போவதில்லை. 1751-52ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பிரசுரச் சண்டையை மட்டும் எடுத்து, இரண்டு தரப்பின் வாதத்தையும் உரசிப் பார்க்கப் போகிறேன். இன்றைக்குக் கேட்கிற வாதங்களில் முக்கால்வாசி அதிலேயே இருக்கின்றன.

இரண்டு பேர்

ஒருவர் ஜான் வெஸ்லி (1703-1791). ஆங்கிலிக்கன் குருவானவர், மெத்தடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர். குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர். இன்னொருவர் ஜான் கில் (1697-1771). லண்டன் சவுத்வார்க்கில் 50 வருஷத்துக்கும் மேல் ஒரே பாப்டிஸ்ட் சபைக்குப் போதகர். சின்ன வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றுபோய், மொழிகளைப் பெரும்பாலும் தானாகவே படித்தவர். எபிரெய ரபிமார்களின் நூல்கள் வரை போய், பைபிள் முழுவதற்கும் வசனம் வசனமாக உரை எழுதினார். அந்த மனுஷன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பின்னணி பழசு. 1610ல் நெதர்லாந்தில் அர்மீனியஸின் சீடர்கள் ஐந்து கோட்பாடுகளை எழுதினார்கள். ஐந்தாவது, விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பது. அப்போது அவர்களே அதற்கு முடிவு சொல்லாமல், வேதத்திலிருந்து இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 1618-19ல் டார்ட் நகரில் கூடிய சங்கம் கால்வினியத் தரப்பில் தீர்ப்பு எழுதியது: தேவன் தெரிந்துகொண்டவர்கள் இடறலாம், ஆனால் முழுசாகவும் முடிவாகவும் விழமாட்டார்கள். கில் இந்தத் தரப்பு. வெஸ்லி எதிர்த்தரப்பு.

வெஸ்லியின் வழி

1751ல் வெஸ்லி 'பரிசுத்தவான்களின் நிலைநிற்பைக் குறித்த சில தீவிர சிந்தனைகள்' என்ற பொருளில் ஒரு சின்னப் பிரசுரம் போட்டார். அதன் அமைப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. உண்மையான விசுவாசிக்கு வேதம் தருகிற எட்டு அடையாளங்களை எடுத்துக்கொள்கிறார்: தேவனுடைய பார்வையில் நீதிமான், ஒலிவ மரத்தில் ஒட்டவைக்கப்பட்டவன், திராட்சச்செடியின் கொடி, ஆவியில் பங்குபெற்றவன், உடன்படிக்கையின் இரத்தத்தால் பரிசுத்தமாக்கப்பட்டவன் என்று வரிசையாகப் போகிறது. ஒவ்வொன்றுக்கும், அந்த அடையாளம் உள்ளவனே விழுந்துபோவதாகப் பேசுகிற ஒரு வேதபகுதியைக் காட்டுகிறார். கேள்வியைச் சோதிக்கக்கூடிய எட்டுத் துண்டுகளாக உடைத்துவிடுகிறார்.

இதில் எபிரெயர் 6 பற்றிய பகுதிதான் முக்கியம். 1611ன் கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த இடம் "அவர்கள் விலகிப்போனால்" என்கிற நிபந்தனையாக இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கால்வினியத் தரப்பு, "பாருங்க, இது பேச்சுக்குச் சொன்னது, நிஜத்தில் யாரும் அப்படி விலகமாட்டார்கள்" என்றது. வெஸ்லியின் பதில் சுருக்கமானது: மூலத்தில் அந்த 'ஆல்' இல்லவே இல்லை.

இதில் வெஸ்லி சொல்வதுதான் சரி. கிரேக்கத்தில் அங்கே ஐந்து வினையெச்ச வடிவங்கள் வரிசையாக வருகின்றன: பிரகாசம் பெற்ற, ருசி பார்த்த, பங்குபெற்ற, மறுபடி ருசி பார்த்த, விலகிப்போன. ஐந்தையும் ஒரே முன்சொல் கட்டிப்போடுகிறது. முதல் நான்கையும் நடந்த காரியமாகப் படித்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் "விலகினால்" என்று படிக்க இலக்கணத்தில் நல்ல காரணம் இல்லை. ஆங்கிலத்தில் என்ஐவி மொழிபெயர்ப்பு 1984 பதிப்பில் நிபந்தனையாக வைத்திருந்ததை 2011ல் எடுத்துவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு சுவாரஸ்யம் உண்டு. நம் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் "மறுதலித்துப்போனவர்கள்" என்றே இருக்கிறது. வினையாலணையும் பெயர், நிபந்தனை கிடையாது. கிரேக்கத்தில் இருப்பதைத் தமிழ் தன் இயல்பிலேயே பிடித்துவிட்டது. ஆகவே "அது வெறும் 'ஒருவேளை'தானே" என்று தமிழில் யாராவது விளக்கினால், அந்த விளக்கம் ஆங்கில வாக்கியத்திலிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

கில்லின் பதில்

1752ல் கில் பதில் பிரசுரம் போட்டார். எபிரெயர் 6 விஷயத்தில் அவருடைய பலம் 'ஆல்' மேல் இல்லை. இந்த மனிதர்கள் உண்மையான விசுவாசிகளே இல்லை என்பதுதான் அவர் வாதம். ருசி பார்த்தார்கள், ஆனால் மேலோட்டமாக. ஆவியில் பங்குபெற்றார்கள், ஆனால் மறுபிறப்பு அடையவில்லை, வரங்களில் மட்டும் பங்கு.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. 'ருசி பார்த்தல்' என்ற அதே கிரேக்க வினை இதே நிருபத்தில் 2:9ல் வருகிறது. இயேசு எல்லாருக்காகவும் மரணத்தை ருசி பார்த்தார் என்ற இடம் அது. அவர் மரணத்தை மேலோட்டமாகவா ருசி பார்த்தார்? கில்லே ஒத்துக்கொள்ளமாட்டார்.

இதைவிடப் பெரிய சிக்கல் வாதத்தின் வடிவத்தில் இருக்கிறது. எங்கள் மென்பொருள் தொழிலில், ஒருவர் "உங்க ஆப் கிராஷ் ஆகுது" என்று பக் ரிப்போர்ட் போட்டால், "கிராஷ் ஆச்சுன்னா நீங்க எங்க பயனரே இல்லை" என்று டிக்கெட்டை மூடிவிட முடியாது. அப்படிச் செய்தால் எந்த ஆப்பும் என்றைக்கும் கிராஷ் ஆகாது! நிலைத்து நின்றவன் எல்லாம் உண்மை விசுவாசி, விழுந்தவன் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே போலி என்று வரையறுத்துவிட்டால், "உண்மை விசுவாசி விழமாட்டான்" என்பது தோற்கவே முடியாத வாக்கியம் ஆகிவிடும். தோற்க முடியாத வாக்கியம் எதையும் புதிதாகச் சொல்வதில்லை.

கில் தரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் இந்த வரையறையை ஆகாயத்திலிருந்து பிடுங்கவில்லை. 1 யோவான் 2:19, விட்டுப் போனவர்கள் நம்மைச் சேர்ந்தவர்களாக இருந்ததே இல்லை என்று சொல்கிறது. எபிரெயர் 3:14ம் அவர்களுக்குத் துணை: முடிவுவரை பற்றிக்கொண்டிருந்தால் நாம் கிறிஸ்துவில் பங்குள்ளவர்கள் ஆகியிருக்கிறோம் என்கிற இறந்தகால அமைப்பு அங்கே இருக்கிறது. பின்னால் நடப்பது முன்னால் நடந்ததை நிரூபிக்கிறது என்று அதைப் படிக்கலாம். ஆனால் அந்தச் சாவியை வைத்து 6ஆம் அதிகாரத்தைத் திறக்கும்போது, அங்கே இருக்கிற கனமான சொற்களை எல்லாம் இலேசாக்க வேண்டியிருக்கிறது. அது கட்டாயப்படுத்திய வாசிப்பு.

வெஸ்லியின் ஓட்டை

அப்போ வெஸ்லி ஜெயித்துவிட்டாரா? அவசரப்படாதீர்கள்.

எபிரெயர் 6 இரண்டு விஷயம் சொல்கிறது. ஒன்று, விலகிப்போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டு, அவர்களைத் திரும்பவும் மனந்திரும்ப வைக்க முடியாது. முதல் பாதியை எடுத்துக் கில்லை அடித்த வெஸ்லிக்கு, இரண்டாம் பாதியும் சேர்ந்தே வரும். ஆனால் வெஸ்லியின் ஊழியம் எதன் மேல் நின்றது? எழுப்புதலில் வந்து, பின்வாங்கி, மறுபடி அழுதுகொண்டு திரும்பி வந்தவர்கள் மேல். அவர்களை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

இந்த முரண்பாடு அவருக்கும் தெரிந்திருந்தது. 1778ல் 'பின்வாங்கிப்போனவர்களுக்கு ஓர் அழைப்பு' என்ற பிரசங்கத்தில் இதே எபிரெயர் 6ஐ மறுபடி கையில் எடுக்கிறார். விசுவாசத்திலிருந்து விழுந்தும் திரும்பிவந்தவர்கள் நூறு பேர் இல்லை, ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்பது அவர் நிலைப்பாடு. அப்படியானால் அந்த வசனம் யாரைப் பற்றியது? இயேசு ஒரு ஏமாற்றுக்காரர் என்று வெளிப்படையாக, பகிரங்கமாக அறிவித்து அவரைத் தள்ளிவிட்டவர்களைப் பற்றி மட்டும் என்கிறார். உங்களில் யார் அப்படிச் செய்தீர்கள், யாரும் இல்லையே என்று கேட்பவர்களைத் தேற்றுகிறார்.

பிரசங்கமாக இது அருமை. மனுஷனுக்கு இரக்கம் இருக்கிறது. ஆனால் தர்க்கமாகப் பாருங்கள்: 1752ல் கில் 'ருசி பார்த்தல்' என்ற சொல்லைச் சுருக்கினார். 1778ல் வெஸ்லி 'விலகிப்போதல்' என்ற சொல்லைச் சுருக்குகிறார். இரண்டு பேருமே வசனத்தின் ஒரு பாதியை அப்படியே எடுத்துக்கொண்டு, தங்களுக்கு உதைக்கிற மறுபாதிக்கு வரையறையை இறுக்குகிறார்கள். வெஸ்லியின் சுருக்கலுக்கு வசனத்திலேயே ஆதாரம் இருக்கிறது, மறுபடி சிலுவையில் அறைந்து அவமானப்படுத்துவது பற்றி அங்கே பேசப்படுகிறதே. அந்த அளவில் அவர் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பின் எபிரெயர் 6 சாதாரணப் பின்மாற்றக்காரனைப் பற்றிப் பேசும் வசனமாக இருக்க முடியாது. சபைக்கு வராத பையனை மிரட்ட அதை எடுக்கிறவர்கள் வெஸ்லியைத் துணைக்கு அழைக்க முடியாது.

ஒரு கவிஞர்

கால்வினியத் தரப்பு வழக்கமாகச் சொல்லும் பெரிய ஆதாயம் ஆறுதல். இரட்சிப்பு உன் கையில் இல்லை, தேவன் கையில் இருக்கிறது, அதனால் நிம்மதியாக இரு. இதற்கு வரலாற்றில் ஒரு கசப்பான சோதனை இருக்கிறது: வில்லியம் கூப்பர் (1731-1800). 1763ல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மனநல இல்லத்தில் இருந்தபோது விசுவாசத்துக்கு வந்தவர். பிறகு ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டனோடு சேர்ந்து பாடல்கள் எழுதினார். அவை 1779ல் 'ஓல்னி கீதங்கள்' என்று வெளிவந்தன. கோட்பாட்டில் சுத்தக் கால்வினியர்.

1773ல் அவருக்கு மறுபடி நோய் வந்தது. ஒரு கனவில், தன் கதை முடிந்துவிட்டது, தான் அழிந்துபோனவன் என்ற தீர்ப்பைக் கேட்டதாக நம்பினார். அதன் பிறகு 27 வருஷம், சாகும்வரை, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நினைத்தார். தெரிந்துகொள்ளப்பட்டவன் விழமாட்டான் என்ற கோட்பாடு அவருக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் அது பொருந்தும், தனக்கு மட்டும் பொருந்தாது என்று முடிவு கட்டிவிட்டார்.

இது நோய், கோட்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் இது ஒன்றைக் காட்டுகிறது. "உண்மை விசுவாசி விழமாட்டான்" என்பதிலிருந்து "நீ பத்திரமாக இருக்கிறாய்" என்பதற்குத் தானாகவே பாலம் கிடையாது. நடுவில் "நான் உண்மை விசுவாசிதானா?" என்ற கேள்வி நிற்கிறது. வெஸ்லியின் பக்கத்தில் "நாளைக்கும் நிற்பேனா?" என்று பயம். கில்லின் பக்கத்தில் "இன்றைக்காவது நிஜமா நிற்கிறேனா?" என்று பயம். பயத்தின் இடம்தான் மாறுகிறது.

கால்வினியரான நியூட்டன் அந்த 1773ல் என்ன செய்தார் தெரியுமா? கூப்பரைத் தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கும் மேல் வைத்துக்கொண்டார். "நீ ஆரம்பத்திலிருந்தே போலி" என்று அவர் கணக்கை மூடவில்லை.

என் முடிவு

வசனத்தை வைத்துப் பார்த்தால் வெஸ்லியின் பக்கம் சாய்கிறேன். விசுவாசி விலகிப்போக முடியும் என்பதை எபிரெய நிருபம் நிஜமான ஆபத்தாகவே பேசுகிறது. அதைப் பேச்சுக்குச் சொன்னதாக ஆக்குவது மொழிபெயர்ப்பில் நுழைந்த 'ஆல்' செய்த வேலை.

ஆனால் "இழக்க முடியும்" என்பது ஒரு வாக்கியம், "இவன் இழந்துவிட்டான்" என்பது வேறு வாக்கியம். முதலாவதுக்கு வசனம் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லும் அதிகாரத்தை இந்த வசனம் எந்தப் போதகருக்கும், எந்தப் பெற்றோருக்கும், தன்னைப் பற்றியே தீர்ப்பெழுதிக்கொண்ட கூப்பருக்கும் கூடக் கொடுக்கவில்லை. அது இன்னும் உள்ளே இருக்கிறவர்களுக்கு, சோர்ந்துபோய் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு எழுதப்பட்ட எச்சரிக்கை. வெளியே போனவர்களைப் பற்றிய பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லை.

இதற்கு ஆதாரம் அதே அதிகாரத்தில், மூன்றே வசனம் தள்ளி இருக்கிறது. 6:9ல் ஆசிரியர் தன் வாசகர்களைப் "பிரியமானவர்களே" என்று கூப்பிட்டு, இப்படிப் பேசினாலும் உங்களைப் பற்றி நல்லதையே நம்புகிறோம் என்கிறார். நிருபம் முழுவதிலும் அவர் அந்தச் சொல்லால் அவர்களைக் கூப்பிடுவது இந்த ஒரே இடத்தில்தான். அடுத்த முறை யாராவது உங்களுக்கு 6:4-6ஐ வாசித்துக் காட்டினால், 9ஆம் வசனம் வரை வாசிக்கச் சொல்லுங்கள்.